கோட்டின் தடிமன்

சாவுக்குப் போன இடத்தில் புத்திசாலித்தனத்தைக் காட்டியவன் நான். துக்க வீட்டில் குடித்துவிட்டு உளறுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மறுநாளே மன்னிப்புக் கிடைத்துவிடும். நான் ஒரு சொட்டுக் குடிக்காமல், தேய்த்த சட்டையோடு, முழு நிதானத்தில் உளறினேன். அதன் பலனாக ஒரு தகப்பன் தன் மகளிடமிருந்து நாற்பது அடி தள்ளிப் படுத்திருக்கிறார். நாற்பது அடி என்பதும் என் கணக்குதான். என் கணக்குகளை நம்ப வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊட்டியில் ஒரு கல்லூரியில் மானுடப் புவியியல் நடத்துகிறேன். கேத்தியில் குடியிருக்கிறேன். என் தொழில் புவியியல் என்று தெரிந்ததும் கேரட் கழுவுகிற பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப மழை எப்பங்க விடும்?" என்பது. தெரியாது என்றேன். அன்றிலிருந்து அவர் என்னை அனுதாபத்தோடு பார்க்கிறார்.

முதல் பருவத்தில் மூன்று அடிப்படைக் கருத்துகளை நடத்த வேண்டும்: வெளி, இடம், வட்டாரம். இருபது வருடமாக ஒரே மாதிரிதான் சொல்லி வருகிறேன். வெளி என்பது நீளமும் அகலமும் மட்டுமே உள்ள பரப்பு. அதற்கு யாரையும் தெரியாது. அதே பரப்பில் ஒருவர் பிறந்து, சண்டை போட்டு, கல்யாணம் செய்து, யாரையாவது பறிகொடுத்தால் அது இடம். அப்படிப்பட்ட பல இடங்களை, அங்கே போயே இராத ஒருவர் மேஜைமுன் உட்கார்ந்து கோடு போட்டு வளைத்தால் அது வட்டாரம். மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிற இடத்தில் ஒரு நொடி நிறுத்தவும் பழகியிருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் தேர்வில், இடம் என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி. வகுப்பு முழுவதும் ஏரியையும் பூங்காவையும் எழுதியிருந்தது. ஒருவன் மட்டும், குந்தா பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தவன், இப்படி எழுதியிருந்தான்: "எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே மேட்டில் என் தங்கச்சி இருக்கிறாள். கவர்மெண்ட் மேப்பில் அது காடு. எங்களுக்கு அது தங்கச்சி. மழை பிடித்தால் அம்மா அந்தப் பக்கம் பார்ப்பார்." ஐந்துக்கு மூன்று போட்டேன். ஓரத்தில் சிவப்பு மையில், "எல்லை குறிப்பிடப்படவில்லை" என்று எழுதினேன்.

அவன் படிப்பை முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான். போன ஆடியில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"சார், அப்பா தவறிட்டாருங்க."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் தயங்கினான்.

"நீங்க வர முடியுங்களா சார்? ஒண்ணும் பேச வேண்டாங்க. சும்மா வந்து நின்னாப் போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எழுதி வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எதற்கு நிற்க வேண்டும் என்றால், விஷயம் இது. அந்த எஸ்டேட்டில் பாதிக் குடும்பங்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். வந்த நாளிலிருந்து செத்தவர்களைத் தேயிலை முடிந்து, சீகை என்கிற வாட்டில் மரங்கள் ஆரம்பிக்கிற மேட்டில்தான் புதைக்கிறார்கள். அந்த மேடு எஸ்டேட்டைச் சேர்ந்ததா, காட்டிலாகாவைச் சேர்ந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. மேளச் சத்தம் மேடேறுவது கேட்டதும், அந்தப் பகுதி வனக் காவலர், அவர்கள் சொல்வது கார்டு, டீ குடிக்கக் கீழே போய்விடுவார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்புவார். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவர் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார். ஒரு கார்டு மாற்றலாகிப் போகும்போது அடுத்தவருக்கு இதைச் சொல்லிவிட்டுப் போவார். எந்தப் பதிவேட்டிலும் இது கிடையாது. ஆனால் இத்தனை வருடமும் பிசகியதில்லை.

இப்போது புதிதாக ஒருவர் வந்திருந்தார், மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து. வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர் டீ குடிப்பவரா இல்லையா என்பது தெரியவில்லை. படித்த ஆள் ஒருவர் வெள்ளைச் சட்டையில் நின்றால் அவருக்குத் தாகம் எடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. என் இருபது வருடப் படிப்புக்கு அவர்கள் வைத்த விலை அவ்வளவுதான். மிகச் சரியான விலை என்று இப்போது படுகிறது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, மழையும் மூட்டமும்தான். பிக்கட்டி தாண்டும்வரை நெட் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. மாணவர்களின் பயிற்சிக்காக நான் வைத்திருந்த வரைபடச் செயலியில் அந்தப் பகுதியின் காட்டு எல்லையை இறக்கி வைத்துக்கொண்டேன். பச்சைப் பரப்பு, அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அந்த மேடு சிவப்புக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கும் என்று எனக்குள் ஒரு உறுதி. காரணமெல்லாம் இல்லை. நல்லவர்களின் பக்கம்தான் வரைபடமும் இருக்கும் என்று நினைக்கும் ஒரு வியாதி படித்தவர்களுக்கு உண்டு.

லைன் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஒழுகியது. உள்ளே அவனுடைய அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்திருந்தார்.

"வந்தீங்களா தொரை," என்றார். சிலோன் தோட்டத்தில் பிறந்தவர்கள். சட்டை தேய்த்துப் போட்டவர்கள் எல்லாரும் அவர்களுக்குத் துரைதான். "புள்ளைக்குப் பக்கத்துலயே வெட்டச் சொல்லியிருக்கேன். எடது பக்கம். அது எப்பவும் அவரு கையப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும்."

அந்தப் பெண் குழந்தை நான்கு வயதில் காய்ச்சலில் போனது. எஸ்டேட் ஜீப் வேறெங்கோ போயிருந்த ஒரு நாளில், அப்பாதான் போர்வையில் சுற்றி மெயின் ரோடுவரை தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். பாதி வழியில் கை கனத்துவிட்டது என்று அவரே பின்னாளில் மனைவியிடம் சொன்னாராம். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. கடைசி இரண்டு நாளும் ஒன்றையே கேட்டிருக்கிறார்: புள்ளைகிட்ட வெச்சுருங்க.

அதற்காகத்தான் என்னை நிற்கச் சொன்னார்கள்.

குழியைப் பார்க்கப் போன மகனோடு நான் முன்னதாகவே மேட்டுக்கு அனுப்பப்பட்டேன். கடைசித் தேயிலை வரிசை, அதைத் தாண்டிப் பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் சீகை மரங்கள். ஒரு மரத்தடியில் சுண்ணாம்பு அடித்த சின்னக் கற்கள் நீள்வட்டமாக. அதன் இடது பக்கத்தில் புதிய குழி. காலையிலேயே வெட்டிவிட்டார்கள். வெட்டிய நான்கு பேரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நனைந்து நின்றார்கள். சொந்தக்காரப் பையன் ஒருவன் குடைக்குள் கைப்பேசியை வைத்துத் திருப்பூருக்கும் சிலோன் ஹட்டனுக்கும் அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

கார்டு வந்தார். முப்பது வயதிருக்கும். மழைக்கோட்டுத் தொப்பியைத் தள்ளிவிட்டு, குழியைப் பார்க்காமல், கற்களைப் பார்க்காமல், என் சட்டையை மட்டும் பார்த்தார். கீழே மேளம் கேட்டது.

"ஏனுங்க சார், கீழ கேன்டீன்ல டீ இருக்குங்களா?"

மண்வெட்டிக்காரர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"இருக்குமுங்க," என்றான் மாணவன்.

"எனக்கு ஒரு முக்கா மணி நேரம் ஆகும்," என்றார் கார்டு, மூட்டத்தைப் பார்த்து.

நான் அப்படியே நின்றிருந்தால் போதும். கூப்பிட்டதே அதற்குத்தான். ஆனால் எனக்குள் என்னவோ எழுந்தது. இந்த மக்கள் தங்கள் செத்தவர்களை ஒரு ஆள் டீ குடிக்கப் போகிற நேரத்தில் திருட்டுத்தனமாகப் புதைக்க வேண்டுமா? இது சலுகையா, உரிமையா? இந்த அளவுக்கு மேடைப் பேச்சு உள்ளே ஓடியது. வெளியே வந்தது இதுதான்:

"எதுக்குங்க ஒளிஞ்சு போறீங்க? இது எஸ்டேட் நெலந்தான். நான் காட்டறேன்."

"வேண்டாங்க சார். எனக்கு டீ குடிக்கணும்."

"ரெண்டே நிமிஷம்."

கைப்பேசியை எடுத்தேன். மண்வெட்டிக்காரர்களில் மூத்தவர், மரங்களுக்கு அப்பால் ஓடைப் பக்கம் கையைக் காட்டி, "கல்லு கீழ கெடக்குங்கய்யா, பொதருக்குள்ள. எல்லைக் கல்லு," என்றார்.

"கல்லு நகரும் பெரியவரே," என்றேன். "சேட்டிலைட் நகராது."

செயற்கைக்கோள் நொடிக்குச் சில மைல் வேகத்தில் நகருகிற பொருள் என்பது பள்ளிக்கூடப் பாடம். கல்தான் அது பாட்டுக்குக் கிடக்கும். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கும், சொல்லவில்லை. என் வாக்கியம் கேட்க நன்றாக இருந்தது. என் வாழ்க்கையில் பல தவறுகள் கேட்க நன்றாக இருந்த வாக்கியங்களில்தான் தொடங்கியிருக்கின்றன.

திரையில் நீலப் புள்ளி நான்தான். தேயிலை வரிசையிலிருந்து மரத்தை நோக்கி நடந்தேன். நாலாவது எட்டில் புள்ளி சிவப்புக் கோட்டைத் தாண்டியது. பின்னால் வந்து மறுபடி நடந்தேன். மறுபடியும் தாண்டியது. சுண்ணாம்புக் கற்கள், குழி, மரம் எல்லாம் பச்சைக்குள். அந்த நொடியில் பொய் சொல்லியிருக்கலாம். போனை அணைத்துவிட்டு, சார்ஜ் இல்லை என்றிருக்கலாம். ஆனால் என்னைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கவனமான வகுப்பு எனக்கு அமைந்ததே இல்லை. வகுப்பில் சொல்லும் அதே குரலில், "ஆக, நாம இப்ப காட்டுக்குள்ளதான் இருக்கோம்," என்று சொல்லி முடித்தேன்.

வீடியோக்காரன் அதையும் பிடித்திருந்தான்.

கார்டு மழைக்கோட்டுத் தொப்பியை மறுபடி இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல், "இப்ப நான் பாத்துட்டனுங்களே சார்," என்றார்.

"யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல," என்றேன்.

"நீங்க சொல்லிட்டீங்களே. அந்த வீடியோல நீங்க பேசறதும் இருக்குது, பக்கத்துல நான் நிக்கறதும் இருக்குது. மொதல்லயே போயிருந்தன்னா எனக்குத் தெரியாதுங்க. எனக்கும் ஊடு, கொழந்தைங்க இருக்குதுங்க சார்." அவர் மாணவன் பக்கம் திரும்பினார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்தச் செடி வரிசைக்குள்ள வெச்சுக்குங்க. அது எஸ்டேட்டுதான், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

மேளம் கடைசி வளைவில் நின்றுவிட்டது. பாடையைத் தேயிலைச் செடிகளின் மேல் பலகை போட்டு இறக்கி வைத்தார்கள். மேலே ஒரு பாலித்தீன் தாளைப் போர்த்தினார்கள். எஸ்டேட் உதவி மேனேஜருக்குப் போன் போட்டதில், கடைசி வரிசையில் இரண்டு செடிகளைப் பிடுங்கிக்கொள்ளலாம், மூன்றாவதைத் தொடக்கூடாது என்று பதில் வந்தது. செத்தவர் அந்த வரிசைக்கு முப்பது வருடம் மருந்தடித்தவர்.

தேயிலையின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. அடியில் பாறை. மகனும் இறங்கி வெட்டினான். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாருக்கு என்று தெரியாமல் பிடித்தேன். ஒருமுறை நிமிர்ந்தபோது அவன் என் முகத்தைப் பார்த்தான். "பரவால்லைங்க சார்," என்றான். அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

மேலே ஏற்கெனவே வெட்டிய குழி காலியாகக் கிடந்தது. வெட்டிய குழியை வெறுமனே மூடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மூடினால் அது இன்னொரு ஆளைக் கேட்குமாம். எதையாவது உள்ளே கொடுக்க வேண்டும். கொடுக்க வேறொன்றும் கையில் இல்லை. மூத்தவர், பிடுங்கிய இரண்டு தேயிலைத் தூர்களையும் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போனார். கார்டு இந்த முறை கேட்கவே இல்லை. டீ குடிக்கப் போய்விட்டார். மகளின் இடது பக்கத்துக் குழிக்குள் செடிகள் இறங்கின. அப்பா செடிகளின் குழிக்குள் இறங்கினார்.

சாவு ஊர்வலத்தில் பெண்கள் அந்தக் கடைசி வளைவுக்கு மேல் வருவதில்லை. நாங்கள் திரும்பி இறங்கியபோது அந்த அம்மா அங்கேயே, முக்காட்டில் மழை வழிய, நின்றிருந்தார்.

"ஏன் மகன், இவ்ளோ நேரம்?"

"பாறைம்மா."

"புள்ளைக்குப் பக்கத்துலதானே?"

அவன் தலையை ஆட்டினான். அந்த அம்மா என்னைப் பார்த்தார். "பக்கத்துலதானே, தொரை?"

"பக்கந்தாம்மா," என்றேன். எல்லை குறிப்பிடப்படவில்லை.

அன்று மாலைக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. வீடியோ இருந்ததே.

மாசியில் அவன் ஒரு வரி அனுப்பியிருந்தான்: "சார், எல்லைக் கல் கிடைத்துவிட்டது." காட்டெருமைகள் இறங்காமலிருக்க வேலி போடுவதற்காக எஸ்டேட்டும் காட்டிலாகாவும் சேர்ந்து அளந்திருக்கிறார்கள். போகாமல் இருக்க முடியவில்லை. போனேன்.

சர்வேயர் முக்காலிக் கருவியை மடித்துக்கொண்டிருந்தார். கல் ஓடைக்கரைப் புதரில், மூத்தவர் கை காட்டிய அதே இடத்தில் இருந்தது. மேடு, மரம், சுண்ணாம்புக் கற்கள், எல்லாமே எஸ்டேட்டுக்குள். என் கைப்பேசியை அவரிடம் நீட்டினேன். அவர் படத்தை விரல்களால் விரித்துப் பார்த்தார்.

"உங்க போனு ஓரளவு சரியாத்தான் காட்டுது சார். கோடுதான் சரியில்ல. பழைய மேப்பு மேல வெச்சு வரைஞ்சிருக்காங்க. இந்த அளவுல, கோட்டோட தடிமனே முப்பது நாப்பது அடி வருமுங்களே. நீங்க கோட்டுக்குள்ளயே நின்னுட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு சொன்னா எப்பிடிங்க?" பிறகு மரியாதையாக, "சார் என்ன வேலை பண்றீங்க?" என்றார்.

"வாத்தியார்," என்றேன். என்ன பாடம் என்று அவர் கேட்கவில்லை. வரைபட அளவு என்பது இரண்டாவது வாரத்துப் பாடம். இடம் என்பதை நடத்துவதற்கு முன்னாலேயே அதை நடத்திவிடுவேன்.

கல்லருகே மூத்தவர் புதரை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "வாங்கய்யா. நகந்து போன கல்லு திரும்பி வந்துருச்சுங்க," என்றார். கார்டு சிரிக்காமல் இருக்க ஓடையைப் பார்த்தார்.

அந்த அம்மா மேட்டில் இருந்தார். கற்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார். கற்களுக்கு இடது பக்கத்தில், புதைத்த தூர்களில் ஒன்று மண்ணைத் தள்ளிக்கொண்டு துளிர்த்திருந்தது. இரண்டு இலை, ஒரு மொட்டு. ஆறேழு கிளைகளில். நான் அதைப் பற்றி ஏதாவது நெகிழ்ச்சியாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் வேறு ஒன்றைச் சொன்னேன். அது அதைவிட மோசம்.

"அம்மா, தப்பு என்னோடதுதான். இது காடில்ல. புள்ளை எஸ்டேட்டுக்குள்ளதான் இருக்கு. அன்னிக்கே இங்க வெச்சிருக்கலாம்."

"சொன்னாங்க தொரை."

"இனிமே ஒரு பிரச்சனையும் இல்ல. யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"அவரத் தோண்டி எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நானும் கேக்கல. பாவம், ஒருக்கா படுத்த மனுசன்." அவர் கையிலிருந்த சுண்ணாம்பை முந்தானையில் துடைத்தார். கீழே தேயிலை வரிசையைப் பார்த்தார். பிறகு கற்களைப் பார்த்தார். "எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. நான் போறப்போ யாருகிட்ட படுக்கறது? அங்கிட்டுப் போனா புள்ளை தனியா கெடக்கும். இங்கிட்டு வந்தா அவரு தனியா கெடப்பாரு. இந்தப் பக்கமும் செடி நிக்குது. நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க."

ஏளனமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். என் மூளை, வெட்கம் கெட்டது, உடனே நாற்பதை இரண்டால் வகுத்தது. இரண்டு கல்லறைகளுக்கும் சரியான நடுப்புள்ளி தேயிலையும் சீகையும் இல்லாத வெறும் மண். யாருக்கும் பக்கம் இல்லாத இடம். வகுப்பில் நான் வெளி என்று சொல்வது அதைத்தான்.

கண் கரித்தது. கைக்குட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

அந்த அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தொரை," என்றார். "அந்தப் போனை மட்டும் எடுத்துறாதீங்க."